மூன்றாம் தாளை எழுதியவன்

அண்ணே,

போன வாரம் வீட்டுக்கு வந்த சித்தியிடம் அம்மா ஷோகேஸைத் திறந்து அந்தத் தங்கநிற பேட்ஜை எடுத்துக் காட்டினாள். "சேவை, திறமை, உடற்பயிற்சி, மலைப்பயணம், நாலையும் முடிச்சாத்தான் இது குடுப்பாங்க. கண்ணு தெரியாத ஒருத்தருக்குப் பரீட்சை எழுதிக் குடுத்தான், தெரியுமா?" என்றாள். "நல்ல மனசுடா உனக்கு" என்றாள் சித்தி. நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த "ஒருத்தர்" நீங்கள். அம்மாவுக்கு உங்கள் பெயர் தெரியாது. நான் சொன்னதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உதவ வேண்டும் என்று நான் வரவில்லை. விருதுக்குக் காட்ட வேண்டிய சேவை மணிக்கணக்குக்காக வந்தேன். அடையாறில் எங்கள் பள்ளியில் பாதி வகுப்பு அந்த பேட்ஜ் விருதுக்குப் பெயர் கொடுத்திருந்தது. எனக்குக் கீபோர்டு வகுப்பு திறமையில் சேர்ந்துவிட்டது. பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஓடியது உடற்பயிற்சியில் சேர்ந்துவிட்டது. சேவைதான் இழுத்தது. "ஸ்க்ரைபா போடா. பார்வையில்லாதவங்க சொல்லுவாங்க, நீ எழுதணும். ஃபேனுக்குக் கீழ உக்காந்தா மூணு மணி நேரம் சேர்ந்துரும். வெயில்ல குப்பை பொறுக்க வேணாம்" என்று ஒரு நண்பன் வழி காட்டினான். எழுதுகிறவர் தேர்வரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பள்ளி மாணவர்களுக்குக் கிராக்கி. எங்களுக்கோ வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் போட ஒரு சேவை வேண்டும். உங்களைப் போன்றவர்கள் இந்த ஊரில் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. இப்படி எழுத அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

மயிலாப்பூரில் ஒரு தன்னார்வ அமைப்பின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் படியேறும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"இன்னா நைனா, பஸ்ஸ வுட்டியா, இல்ல தூக்கம் உன்ன வுடலியா?"

நீங்கள் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். நான் பாடத்தை வாசிக்க வேண்டும், நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்வீர்கள். எனக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறும். மூன்று பக்கத்துக்குள் வேர்த்துவிடும். "மெதுவா படி நைனா. வெள்ளக்காரனே எரநூறு வருசம் குந்திக்கினு இருந்துட்டுத்தான் போனான், உனக்கு இன்னா அவசரம்?" என்பீர்கள். நான் கடற்கரையில் ஓடுவதைச் சொன்னபோது, "யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். பி.எட். சேர வேண்டும், பள்ளியில் வரலாறு நடத்த வேண்டும் என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் தாள் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் விடியற்காலை எங்கள் மலைப்பயண வேன் கிளம்புகிறது. எனக்கு இன்னும் ஷூ வாங்கவில்லை. தி.நகர் போய் வாங்க வேண்டும். உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு என்பது அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனீர்கள். யார் தானியத்தைக் கப்பலில் ஏற்றினார்கள், யார் கால்வாய் வெட்டினார்கள், வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று வரிவரியாக. என் விரல் வலித்தது. பத்து வரிக்கு நாலு வரி எழுதினேன். மீதி வேண்டாதது என்று நானே முடிவு செய்தேன், பதினேழு வயதில், அந்தப் பாடத்தில் ஒரு எழுத்தும் தெரியாமல்.

"எழுதிட்டியா நைனா?"

"எழுதிட்டேண்ணே."

ஒவ்வொரு கேள்விக்கும் இதே கேள்வி, இதே பதில். நாற்பது நிமிடம் மீதி இருந்தபோது, "எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, குடுத்துரலாம்" என்றேன். மேஜை விளிம்பைத் தடவினீர்கள். பிறகு, "சரி, குடுத்துரு" என்றீர்கள். மூன்று மணிக்கு நான் பாண்டி பஜாரில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையில் மூன்று நாள். ஆளுக்கு ஒரு பை, கூடாரம், அட்டைக்கடி. கடைசி நாள் பயிற்சியாளர் எங்களை வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு நீங்க உங்களையே ஜெயிச்சிருக்கீங்க" என்றார். கை தட்டினோம். எங்கள் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அந்த மலை ஊர்க்காரர் ஒருவர் வெறுங்காலோடு கூடவே ஏறி வந்திருந்தார். அவருக்கு யாரும் தட்டவில்லை. நானும்தான்.

திரும்பி வந்து மீதி இரண்டு தாள்களை ஓரளவு ஒழுங்காக எழுதினேன். கடைசித் தாள் முடிந்ததும் வராந்தாவில் வைத்து விருதுப் பதிவேட்டை நீட்டினேன். சேவை பெற்றவர் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? சொன்னீர்கள், நானே எழுதிக்கொண்டேன்.

"எழுதிக்கோ. இந்தத் தம்பி நேரத்துக்கு வருவார். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். இவருக்கு என் நன்றி."

அந்த மூன்று வாக்கியங்களில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை.

ஜூலையில் போன் செய்தீர்கள். "நைனா, மூணாவது பேப்பர் புட்டுக்கிச்சு. நல்லாத்தான சொன்னேன்?" பி.எட். அந்த வருடம் போனது. விடைத்தாள் நகல் கேட்டுப் பார்க்கலாமா என்றீர்கள். நகல் வந்தால் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். "வேணாம்ணே, மாசக்கணக்குல இழுப்பாங்க. நவம்பர்ல திரும்ப எழுதிரலாம், நான் வரேன்" என்றேன். உங்கள் மதிப்பெண் எப்படிப் போனது என்பதைப் பார்க்கும் ஒரே வழியையும் நானே அடைத்தேன்.

ஆகஸ்டில் மேடையேறி பேட்ஜ் வாங்கினேன். அக்டோபரில் நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டீர்கள். எடுக்கவில்லை. என் மணிக்கணக்கு முடிந்திருந்தது. நவம்பர் மழையில் காய்ச்சல் கண்டு, அந்தத் தாளைத் திரும்ப எழுதாமலே இறந்துபோனீர்கள். அமைப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. எல்லோரையும் போலக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சித்தி வந்துபோன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். உங்கள் அம்மா மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "என் புள்ளைக்குப் பரீச்ச எழுதுன தம்பி" என்றார். அந்த அம்மா போகும்வரை காத்திருந்து, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வரிகளை விட்டது, ஷூ வாங்கப் போனது, நகலைத் தடுத்தது.

அவர் முகம் மாறவில்லை.

"தெரியும் கண்ணு. அன்னிக்கு வந்தவொடனே சொன்னான். 'பேனா சத்தம் நின்னுப்போச்சும்மா, நான் பேசிக்கினே கீறேன்'னான்."

"அப்ப அண்ணன் ஏம்மா என்னைக் கேக்கல?"

"நானும் அதான் கேட்டேன். 'இன்னும் ரெண்டு பேப்பர் கீதும்மா. அந்தப் புள்ள கோச்சிக்கினு போயிட்டா யாரு வருவா?'ன்னான்."

சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

திட்டுவார், அல்லது மன்னிப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் ஏதோ முடிந்தது என்று வீட்டுக்கு வந்திருப்பேன். போனில் "நல்லாத்தான சொன்னேன்?" என்று கேட்டபோதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்ல ஒரு இடம் விட்டுப் பார்த்திருக்கிறீர்கள். நான் சொல்லவில்லை. நவம்பருக்கும் ஆள் வேண்டுமே என்று நீங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

இத்தனை நாள் உங்களை ஏமாற்றியதைத்தான் சுமப்பதாக நினைத்திருந்தேன். இப்போது சுமப்பது வேறு. அப்போது உங்களுக்கு இருபத்தைந்து வயது. எனக்குப் பதினேழு. நீங்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் அண்ணே. பயப்படும்படி நான் உங்களை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.