தெரிஞ்சா, தெரியாமலா

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் பெரிசா இல்லாம இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்பறோம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான், தம்பிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு, தண்ணித்தொட்டி கசிவை இன்னும் அடைக்கலை, எனக்கு அலுப்பா இருக்கு. போன்ல சொன்னா நடுவுல நடுவுல பேசுவே, அதான் எழுதறேன்.

பஸ் விஷயம் தம்பி அரைகுறையா சொல்லித்தான் உனக்குத் தெரியும், முழுசா சொல்றேன். மார்க்கெட் முனையில இருபத்தாறு வருஷமா நான் இடது பக்கம் திரும்பின தெருவைப் போன மாசம் ஒருவழி ஆக்கிட்டாங்க, இனிமே நேரா போகணும். டிப்போல காட்டின உத்தரவைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டவன்தான் நான். பத்து நாள் சரியா போனேன். பதினோராம் நாள் அம்மா முட்டியை எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன், கண்டக்டர் விசில் மேல விசில் அடிக்கிறான், பார்த்தா அந்தத் தெருவுக்குள்ள நிக்கறேன். எதிர்ல சைக்கிள்ல வந்த டீச்சரம்மா பயந்து விழுந்து முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டாங்க. அதோட போச்சு.

இப்ப விசாரணை. பாரத்துல ரெண்டு கட்டம். தெரிஞ்சே விதியை மீறினேன்னு டிக் போட்டா பதினஞ்சு நாள் சஸ்பெண்டு, அப்புறம் பழையபடி வண்டி. தெரியாம நடந்துபோச்சுன்னு போட்டா, தன்னை அறியாம ஓட்டறவனை நம்ப முடியாதுன்னு இனி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க, ரிட்டயர் ஆகிற வரைக்கும் டிப்போல டைம் கீப்பர் நாற்காலி. தெரிஞ்சேன்னே போடுங்கண்ணே, உங்க மனசை யார் திறந்து பார்க்கப் போறாங்கன்னு கண்டக்டர் சொல்றான். அம்மாவும் அதேதான், நாற்காலியில உட்கார்த்தி வெச்சா நான் என்ன ஆவேன்னு அவளுக்குத் தெரியும்.

மனுஷங்க நடத்தையைப் படிக்கிறவ நீ. வேலை நல்லாப் பழகிட்டா மனசை விட்டுக் கைக்குப் போயிடும்ப்பா, தப்பு உங்க மேல இல்லைன்னு போன்ல சொன்னே. ஆறுதலாத்தான் இருந்துச்சு, ஆனா யோசிக்க யோசிக்க எரிச்சல் வருது. விபத்தில்லாம ஓட்டினதுக்குக் கேடயம் கொடுத்தாங்களே, அன்னிக்கு யாராவது தெரிஞ்சு ஓட்டினியா தெரியாம ஓட்டினியான்னு கேட்டாங்களா? தப்பு கையோடதுன்னா கேடயமும் கையோடதுதானே. அப்ப நான்னு ஒருத்தன் அந்த சீட்டுல உட்கார்ந்து என்னத்தைப் பண்ணிக்கிட்டிருந்தேன், சொல்லு.

ஆள் பத்தலைன்னு விசாரணை முடியற வரைக்கும் வண்டியை என்கிட்டயே விட்டிருந்தாங்க. நீ சொன்னபடி ஒவ்வொரு முனையிலயும் வாய் விட்டுச் சொன்னேன், நேரா, வலது, நேரான்னு. கண்டக்டர் எனக்கு ரேடியோன்னு பேர் வெச்சுட்டான். நாலு நாள் நல்லாத்தான் போச்சு. நேத்து அதே முனை, பள்ளிக்கூடம் விடுற நேரம், வாய் நேரான்னு சொல்லுது, கை இடது பக்கம் ஒடிக்குது. பிரேக்கை மிதிச்சு நின்னுட்டேன். பின்சீட்டுல சிரிச்சாங்க. நான் இறங்கிப் போய், டயருக்கு முன்னால பிள்ளைங்க யாரும் இல்லையேன்னு பார்த்துட்டு வந்தேன்.

இன்னிக்குக் காலையில ரெண்டாவது கட்டத்துல டிக் போட்டுக் கொடுத்துட்டேன். நல்லா யோசிச்சுத்தான் போடறீங்களான்னு மேனேஜர் கேட்டார். பல வருஷத்துல இந்த ஒண்ணைத்தான் சார் யோசிச்சுப் பண்றேன்னு சொன்னேன். அம்மா அப்போலேர்ந்து என்கூடப் பேசலை.

நீ நல்லா இரு, நினைச்ச படிப்பை முடி, எங்க ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. தினம் போற வழிதானேன்னு ரோட்டைப் பார்க்காம நடக்காதே. கவர் மேல அடிச்சுத் திருத்தியிருக்கும், தப்பா நினைக்காதே. நீ வீடு மாறி ஒரு வருஷமாச்சு, என் கை பழைய விலாசத்தையே எழுதிடுச்சு. அம்மா கவரை வாங்கிப் பழசை அடிச்சுட்டு, புதுசை எழுதி, பேனாவைத் திரும்ப என் கையிலயே வெச்சா.

இப்படிக்கு,
உன் அப்பா