முதலில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று காலை இல்ஃபோர்டில் ரயில் ஏறியபோது எதிரே ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். காதின் பின்னால் எங்கள் கம்பெனியின் செவிப்புலன் கருவி. பக்கத்திலிருந்த மகள் மெதுவாகத்தான் பேசினாள். அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அதைச் சாத்தியமாக்கியது நீங்கள். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தெரிந்தே மறைத்தவர்கள் மீதுதான் என் ஆத்திரம்.

இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க, ஆய்வுக்கூடத்துச் செயற்கைச் சத்தம் போதாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு அப்டன் பார்க் சந்தைக்குப் போனீர்கள். மீன்கடைக்காரர் கூவ, குழந்தைகள் வீறிட, ஒலிவாங்கியை நீட்டிப் பிடித்தபடி, "சனம் இப்பிடித்தானே கதைக்குது. கதவைப் பூட்டிப்போட்டே கதைக்கினம்?" என்றீர்கள்.

அந்தப் பதிவுகளை வைத்து நீங்கள் உருவாக்கிய முறை வேலை செய்தது. கம்பெனியின் ஆண்டு விழாவில் அதற்கு விருது வாங்க மேடையேறியவர் எங்கள் பிரிவுத் தலைவர். "என் குழுவினர்" என்று ஒரு கைவீச்சில் எல்லோரையும் முடித்துவிட்டார். நீங்கள் பேசாமல் இருக்கவில்லை. மறுநாளே அவருடைய அறைக்குப் போய்க் கேட்டீர்கள். உங்களிடம் திறமை இருக்கிறதாம், எடுத்துச் சொல்லும் விதம்தான் போதாதாம். அந்த வருடமும் பதவி உயர்வு இல்லை. வெளியே வந்து, "பிஎச்டியை இங்கிலீசிலதானே எழுதினனான். அப்ப விளங்கினது இப்ப விளங்கேல்லையாமோ?" என்றீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பிறகு நோய். போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். எல்லோருக்கும் வந்த மின்னஞ்சலில் உங்களை "அர்ப்பணிப்பு மிக்க ஊழியர்" என்றார்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை.

கோடையில் காப்புரிமைக்கு விண்ணப்பம் தயாரித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர்கள்: பிரிவுத் தலைவர், நான். உங்களுடையது எங்கே என்று போய்க் கேட்டேன். "அவர் இப்போது நம்மோடு இல்லையே. நடைமுறைச் சிக்கல் வரும். உங்களுக்கும் இது நல்லதுதானே" என்று மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் என்னைக் கொதிக்க வைத்தது. இறந்தவரிடமிருந்து எடுத்து எனக்குப் பங்கு தருகிறார். நான் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

நான் சம்மதிக்கவில்லை. கம்பெனியின் காப்புரிமை வழக்கறிஞரிடம் நேராகப் போய், சந்தைப் பதிவுகளிலிருந்து உங்கள் சோதனைகள் வரை எல்லாவற்றையும் காட்டினேன். அந்தப் பெண்மணி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இறந்தாலும் கண்டுபிடித்தவர் அவர்தான். அவருடைய பெயரை விட்டுவிட்டு இதை அனுப்ப என்னால் முடியாது" என்றார். உங்கள் பெயர் முதலாவதாக ஏறியது. உதவி மட்டுமே செய்த என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். தலைவருடையது மட்டும் உங்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் இப்போது என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. புதிய திட்டத்திலும் எனக்கு இடமில்லை.

குட்மேய்ஸில் உங்கள் வீட்டுக்குப் போய் அத்தானிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ இருக்கேக்கை அவங்கள் இதைச் செய்திருக்கலாமே, பிள்ளை" என்றார்.

வென்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை, அக்கா. கோபம் ஆறவுமில்லை, ஆற விடவும் மாட்டேன். இப்போதெல்லாம் கூட்டங்களில் யாராவது "நாங்கள் செய்தோம்" என்று தொடங்கினால், "செய்தவருடைய பெயரைச் சொல்லுங்கள்" என்கிறேன். எல்லோரும் சங்கடமாக நெளிவார்கள். மேசையின் கடைசியில் யாரோ ஒருவர் மட்டும் மெல்லத் தலை நிமிர்வார்.