சிக்கரியோடு யார் வருவது

சிரஞ்சீவி மிருதுளாவுக்கு அம்மா எழுதுவது. மாடம்பாக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் நலம், மூன்றாவது ஆள் மற்ற இரண்டு பேரையும்விட ஒரு படி மேலாகவே நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், பேப்பர் படிப்பதுபோல் பாவனை வேறு. மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. அதனால் அவர் நாயைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. நம் தெருவைக் குழாய் போடத் தோண்டிவிட்டு மூடாமலே போய்விட்டார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டுவிடுகிறான். சிக்கரிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்துவிட்டது, கழுத்துத் தோலுக்கடியில் அடையாளச் சிப்பும் வைத்தாகிவிட்டது, நாயை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் தேதி கேட்டுப் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். தெருவில் எல்லோரும், ஜெர்மன் ஜாதி நாய்தானே, சொந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது பிறந்தது பம்மலில் யார் வீட்டு மொட்டைமாடியிலோ. உட்கார் என்று தமிழில் சொன்னால்தான் உட்காருகிறது. அங்கே போய் ஜெர்மன் நாய்களிடம் என்ன பேசும் என்று நானே சில சமயம் யோசிப்பேன்.

உன் சம்பளத்தில் அதை நீ வாங்கி வந்த அன்று, இந்த வீட்டில் ஒன்று நாய் இருக்கும் இல்லை நான் இருப்பேன் என்று அப்பா குதித்தது நினைவிருக்கும். வேட்டைநாய், நிலத்திலும் ஓடும், தண்ணீரிலும் நீந்தும், வீட்டுக் குழந்தைகளோடும் ஒட்டிக்கொள்ளும் என்று நீ கம்ப்யூட்டரில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்தாய். நான் பாட்டுக்கு அதற்குத் தயிர்சாதம் பிசைந்து போட்டேன். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும்தான் டாக்டர், மாமி இது வேட்டைக்குப் பிறந்த ஜாதி, முட்டையாவது கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு ஞானஜோதி டீச்சர்தான் முட்டையும் கோழியும் வேகவைத்து மதில்மேல் வைக்கிறாள், இன்றுவரை ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. போன மாதம் அவள் வீட்டுக் கோழிக்குஞ்சையே இது கவ்விக்கொண்டு வந்துவிட்டது. ஒரு இறகு குலையவில்லை. அப்பா காலடியில் மெல்ல வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சமையலறையில் பெருமாளே என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா திட்டுவார் என்று பார்த்தால், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குஞ்சை எடுத்து, பல்லே படாமல் கொண்டுவந்திருக்கிறது பார் திரிபுரா, என்ன பக்குவம் என்கிறார். நான் செய்கிற எதற்கும் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

ரிட்டயர் ஆனதும் ஈசிசேரே கதி என்று கிடந்தவர் இப்போது விடிவதற்குள் ஏரிக்கரையில் இருக்கிறார். ஓடவிடாவிட்டால் அது சோபாவைத் தின்றுவிடும், அவருக்கு வேறு வழியில்லை. கொக்கைக் கண்டால் அது ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், நீ பார்த்திருக்கிறாய். அது நிற்கும்வரை அவரும் பின்னால் அசையாமல் நிற்கிறாராம். மின்வாரியத்தில் ஒரு ஃபைலுக்கு அரைநிமிஷம் பொறுக்காத மனுஷர். நடைக்கு வருகிறவர்கள் என்ன சார் என்று கேட்டால் பேசாதே என்று கைகாட்டுகிறாராம், ஞானஜோதி சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை கொடுத்த பிறகு அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னாய். சொன்னது சரிதான், நான் அன்றும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்க் கல்யாணம் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு நீ ஜெர்மனிக்குப் போனாய், ஆறு மாதத்துக்கு என்று விட்டுவிட்டுப் போன நாய் நாலு வருஷமாக இங்கே இருக்கிறது. இந்த நாலு வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். சிக்கரி சாப்பிட்டதா என்று நீ கேட்பாய், சாப்பிட்டது என்பார். காது சுத்தம் பண்ணினீர்களா என்பாய், ஆச்சு என்பார். அதற்குமேல் போனை என்னிடம் நீட்டிவிடுவார். நீ எப்படி இருக்கிறாய் என்று அவரும் கேட்டதில்லை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நீயும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அழுத்தம். தோட்டம் வைத்த வீடு கிடைத்துவிட்டது, சிக்கரியை அனுப்புங்கள் என்று இப்போது நீ சொல்லிவிட்டாய். வேலை விட்டு வந்து விளக்கைப் போட்டால் திரும்பிப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை அம்மா என்று நீ ஒரு நாள் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. உன் நாய், நீ கேட்பது நியாயம். ஆனால் அதுவும் போய்விட்டால் நீங்கள் இரண்டு பேரும் எதைப் பேசுவீர்கள். இதை நினைத்து நான் சரியாகத் தூங்கவில்லை.

அவரோ உடனே அனுப்பிவிடலாம், அவளுடையதுதானே என்றார். விமானத்தில் வைக்கிற கூண்டு வந்தது. அதில் அழாமல் படுத்திருக்கப் பழக்கவேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். அப்பா தன் பழைய வேஷ்டியை உள்ளே விரித்து, தினம் சாயங்காலம் உள்ளே போ என்பார், அதுவும் சமர்த்தாகப் போய்ப் படுக்கும். ஆனால் கதவை மட்டும் மூடமாட்டார். இன்றைக்கு இது போதும், நாளைக்கு மூடலாம் என்பார். எத்தனை நாளைக்கு இந்த நாளைக்கு. போன செவ்வாய்க்கிழமை அவர் பாங்குக்குப் போயிருந்தபோது நானே கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். அது அழவில்லை. மூக்கை வேஷ்டியில் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அவர் வந்து பார்த்தார். என்னைக் கோபிக்கவில்லை, திறக்கவும் இல்லை. வெளியே போட்டுக்கொண்டு போன பேண்ட் சட்டையோடு கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை மணி நேரம் இருட்டில் தனியாகப் போய் இறங்கினால் ஒரு தெரிந்த முகம் வேண்டாமா என்றார். மிருதுளாதான் இருப்பாளே என்றேன். அவளும்தான் அங்கே தனியாக நின்றுகொண்டிருப்பாள் என்றார். மிருதுளா, நாயை விட்டுவிட்டு உன்னைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது, யாராவது கூடப் போனால் அதே விமானத்தில் நாயையும் கீழே சாமான் அறையில் ஏற்றிக்கொள்வார்களாமே என்றார். பிறகு பீரோவில் தன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சும்மா என்று திரும்ப வைத்துவிடுவார். நான் இந்த முறை வரவில்லை. நான் நடுவில் இருந்தால் இரண்டு பேரும் என் வழியாகவே பேசிக்கொள்வீர்கள். திரும்பி வரும்போது அவர் கையில் சங்கிலி மட்டும்தான் இருக்கும், அதற்கப்புறம் சில நாள் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவராகக் கேட்கமாட்டார், நீயே கூப்பிடு. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. சிக்கரிக்குத் துணைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல், என்னைப் பார்க்க வாருங்கள் என்று இப்போது சொல்லிவிடாதே, மிரண்டுவிடுவார். அவருக்குக் குளிருக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கி வை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். விமான நிலையத்தில் நீ நாயிடம்தான் முதலில் ஓடுவாய், அவருக்கும் அது தெரியும், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். அதைக் கட்டிக்கொண்டு முடித்ததும் நிமிர்ந்து அவரைப் பார், எப்படி இருக்கிறீர்கள் அப்பா என்று கேள்.

எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க,
அநேக ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
திரிபுரசுந்தரி