வெறுங்கைப் படம்

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும், நண்பரே.

இன்று காலை உம் கையுறைகளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுத் தோல் வாசனை இன்னும் போகவில்லை. தேனீப் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டு இவற்றை மட்டும் உம் மனைவி என்னிடம் தந்தார். நீர் ஒருநாளும் அணியாதவை.

அந்தப் பெட்டியைப் புளியங்குடி எலுமிச்சைத் தோப்பிலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்தீர். கண்டக்டர் கேட்டதற்கு முறுக்கு என்று சொன்னதாகச் சிரித்தீர். மறுநாளே முகநூலில் அந்தத் தேனீ வளர்ப்புக் குழுவில் சேர்ந்தீர். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ‘புழு’ என்று பெயர். வெறுங்கையோடு தேனடையைத் தூக்கிப் பிடித்துப் படம் போட்டால்தான் புழு தேனீயாகும். அதுவரை என்ன கேட்டாலும் கேலிதான் பதில்.

முதல்முறை கொட்டியபோது விரல் மட்டும் வீங்கியது. அடுத்தமுறையும் விரலில்தான் கொட்டியது. தடித்ததோ வயிறும் முதுகும். உதடு கனத்து, தொண்டை இறுகியது. டாக்டரிடம் போகலாம் என்றேன். நீர் குழுவில் கேட்டீர், கையுறை வாங்கியிருப்பதையும் சொல்லி.

எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்று கும்பிடும், குழுவை நடத்தும் மூத்தவர் எழுதினார்: “கொட்டு வாங்க வாங்க உடம்பு பழகிரும். பயமா இருந்தா கோழி வளத்துக்கிடும்வே.” இன்னொருவர்: “கையுறை வேறயா? மாப்பிள்ளை அழைப்புக்குப் போறீரோ?” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நீரும் ஒன்று போட்டீர். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

“அவங்க எத்தன வருசமா வளக்காங்க! நீரு ஒரு ஈயாவது வளத்திருக்கீராவே?” என்று என் வாயை அடைத்தீர்.

அந்த ஞாயிறு மாடியில் வெறுங்கையோடு பெட்டியைத் திறந்தீர். உம் மனைவி கூப்பிட்டு நான் ஓடிவந்தபோது, தேனீக்களை அடக்கும் புகைப்பானில் தேங்காய் நார் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஈக்கள் ஒன்றும் நடவாததுபோல் போய் வந்துகொண்டிருந்தன. ஆட்டோவில் ஏற்றும்போதே உமக்கு மூச்சு இல்லை. போனில் படம் நன்றாக விழுந்திருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்தீர்.

குழுவில் இரங்கல் எழுதினார்கள். ஏற்கெனவே நெஞ்சுக் கோளாறு இருந்திருக்கும் என்றார் அண்ணாச்சி. அப்படி எதுவும் இல்லை, கொட்டுத்தான் கொன்றது என்று என் பெயரில் எழுதினேன். “துக்க வீட்டுல சண்ட வேண்டாம்” என்று அழித்துவிட்டார். அன்றுமுதல் படிக்கிறேன், எழுதுவதில்லை. அன்று சிரித்தவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இன்று காலை, குருவிகுளத்துப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். புதியவள். “கையிலதான் கொட்டுச்சு. உடம்பெல்லாம் தடிச்சு, தொண்டை அடைக்கு. நாளைக்குப் பெட்டியத் திறக்கலாமா?”

அண்ணாச்சியின் பதில்: “பழகிரும் தாயி. வெறுங்கைப் படம் எப்ப?”

அவளும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள்.

தனியாகச் செய்தி அனுப்பினேன். அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. குழுவில்தான் கண்ணை வைத்திருக்கிறாள். ஆகவே இந்த மடலை அங்கேயே போடப்போகிறேன். இதற்கு மேலே, ‘பெட்டியைத் தொடாதே அம்மா, முதலில் டாக்டரிடம் போ’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

என் பெயரைக் கண்டால் அண்ணாச்சி ஒரு நொடியில் அழித்துவிடுவார். பெயரில்லாத வேறொரு கணக்கிலிருந்து வந்தால், எழுதியது யார் என்று அறிய அவரும் கடைசிவரை படித்தாக வேண்டும். அவள் படித்து முடிக்க அந்த நேரம் போதும்.

கையுறைகள் என் மேசைமேல் இருக்கின்றன. பெயர் போடாமல் பதிகிறேன்.