ஓட்ஸ் களிம்பும் என் இரண்டு கைகளும்

1936, ஜனவரி 9. போடிநாயக்கனூர்

காலையில் கை கழுவும் லைசால் மருந்துத் தண்ணீரில் கை வைத்ததும் உயிர் போய் வந்தது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, ஓயாத அரிப்பு. மார்கழிக் காற்று வேறு. பிரசவ விடுதியில் நர்ஸாகச் சேர்ந்து ஆறு வருஷம்; இப்படி ஆனதே இல்லை.

ஜனவரி 13

இன்று நடந்ததை எழுதித்தான் தீர வேண்டும். கஸ்தூரியம்மாளை இடுப்புவலியோடு கூட்டிவந்திருந்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போனேன். அவள் மாமியார் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"கைய எடு நர்சம்மா. சொறிக் கையோட எம் பேரப்பிள்ளையத் தொடுவியாக்கும்?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா வந்து பிரசவம் பார்த்தார். நான் வாசலில் நின்றேன்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுகிர்தம், இது தொத்து வியாதி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா வெடிச்ச கையோட பிரசவம் பாக்கக் கூடாது. தாய்க்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. பிப்ரவரி முடியறதுக்குள்ள ஆறலேன்னா உன்னைத் துணி மடிக்கிற ரூமுக்கு மாத்தறதைத் தவிர வழியில்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜனவரி 14

சொறியக் கூடாது. சொறியக் கூடாது. சொறிந்துவிட்டேன்.

ஜனவரி 18

விளக்கெண்ணெய் வாங்க பலவேசம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். முந்தானைக்குள் மறைத்தும் என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன தாயி, இப்பிடிக் கெடக்கு? மேல எஸ்டேட் துரைசாணி பிள்ளைக்கும் இதே அரிப்புதான். அவுகளுக்குத்தான் இந்த ஓட்ஸ் டின்னு வருது. பாதி கஞ்சிக்கு, பாதி பிள்ளைய முழுக்காட்டவாம். பட்லர் சொன்னாரு."

விளக்கெண்ணெயை விட்டுவிட்டு ஒரு டின் வாங்கி வந்தேன். பைத்தியமா எனக்கு?

ஜனவரி 19, ஞாயிறு

ஓட்ஸைத் துணியில் முடிந்து வெந்நீரில் பிழிந்தேன். கஞ்சித் தண்ணீர் போல வழுவழுப்பு. கால்மணி நேரம் கைகளை ஊறவைத்தேன். வேதக்கோயிலில் பிரசங்கம் முடியும்வரை சொறியவில்லை! வீடு திரும்பும்போது அரிப்பும் திரும்பிவிட்டது. தோலிலேயே தங்குகிற மாதிரி வேண்டும் - களிம்பாக.

ஜனவரி 23

ஓட்ஸ் பாலைத் தேங்காயெண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்து கிண்டினேன். இடது கைக்கு மட்டும் இது. வலது கைக்கு வெறும் எண்ணெய். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதாக இல்லை.

ஜனவரி 26

ஜாடியைத் திறந்தால் புளித்த நாற்றம், மேலே பூசணம். விடுதி ஆயா அய்யம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கஞ்சியக் கிண்டி வச்சா புளிக்காம என்ன செய்யும்? விட்டுத் தொலை ஆத்தா."

விடவா? எங் கை, எம் பொழப்பு. விடமாட்டேன்.

ஜனவரி 27

தண்ணீர்தான் கெடுக்கிறது! காய்ந்த ஓட்ஸையே இடித்து, மெல்லிய துணியில் சலித்து, உருக்கிய மெழுகெண்ணெயில் குழைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இடித்துக் கொடுத்தது அய்யம்மாள்தான்.

பிப்ரவரி 4

எட்டு நாள் ஆகிறது. களிம்பு கெடவில்லை. இடது கையில் செதில் உதிர்ந்து தோல் மெத்தென்று இருக்கிறது. வலது கை முன்பைவிட மோசம். இனி இரண்டுக்கும்.

பிப்ரவரி 11

கை கழுவியதும் ஈரம் ஒற்றியெடுத்து, உடனே பூச வேண்டும். தாமதித்தால் பலனில்லை. இன்று விரலை மடக்கினேன், இரத்தம் வரவில்லை.

பிப்ரவரி 17

டாக்டரம்மா பெரியகுளம் போயிருந்தார். ஒரே சமயத்தில் இரண்டு பிரசவம். இன்னொரு நர்ஸ் ஞானசெல்வி கூப்பிட்டாள்: "கைதான் ஆறிப்போச்சே அக்கா, வாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

வலது கட்டைவிரலடியில் ஒரு வெடிப்பு பாக்கி. எனக்குத் தெரியுமே. வெந்நீர் கொண்டுவந்தேன், துணி எடுத்துக் கொடுத்தேன், வாயால் வழி சொன்னேன். தொடவில்லை. இரண்டு பிரசவத்தையும் அவளே பார்த்தாள், என் மேல் கோபத்தோடு.

பிப்ரவரி 24

டாக்டரம்மா என் கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கை விரித்துப் பார்த்தார். என்ன பூசினேன் என்று கேட்டார்; ஓட்ஸ் களிம்பைப் பற்றிச் சொன்னேன். "நாளையிலிருந்து பிரசவ ரூம்" என்றார். வாசல்வரை போன என்னை மறுபடி கூப்பிட்டு, "அந்தக் களிம்பில எனக்கும் கொஞ்சம் கொண்டா" என்றார்.

பிப்ரவரி 26

பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து முருகம்மாள் வந்தாள். தலைப்பிரசவம், சின்னப் பெண். வலி எடுத்தபோதெல்லாம் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "விட்றாதீங்க நர்சம்மா, விட்றாதீங்க." பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்குழந்தை. பிள்ளையைத் துடைத்து அவள் மார்பில் கிடத்தினேன். கழுவிய பிறகு கையைப் பார்த்தேன். அவள் நகம் பதிந்த நான்கு தடம் மட்டும் இருந்தது.