கட்டுநாயக்கவும் ஒரு விமான நிலையம்தான்

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு.

மகன் அஹ்னாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக ஸலாத்தை விடமுடியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றதைக் கேள்.

நீ அனுப்பிய புது டிக்கட்டுகளை உன் தங்கச்சி மின்ஹா பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். அடுத்த மாதம் மறுபடியும் சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா. நீங்கள் நான்கு பேர், நாங்கள் இரண்டு பேர். உன் உம்மா அதை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. உடனே உனக்குப் போன் எடுத்து, "வாறோம் மகன், கட்டாயம் வாறோம்" என்று சொல்லிவிட்டாள். நான் வரமாட்டேன். அவளையும் அனுப்பமாட்டேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கத்தினால் நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் உம்மா என் போனை எடுத்துப் பார்ப்பாள். எதிர்வீட்டு முனாஸ் படிப்பதற்காக மெல்பேர்னுக்கு வருகிறான். இதை உறையில் போட்டு ஒட்டி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இதைப் பற்றி உம்மாவிடம் மூச்சு விடாதே.

முதல் பயணத்தின் கதையை நீ இன்னும் சரியாகக் கேட்கவில்லை. "சின்னப் பிழை ஒன்று நடந்துவிட்டது வாப்பா" என்றாய். சின்னதா பெரிதா என்பதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்.

கப்பல் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் உம்மாவின் கால் தரையில் படவில்லை. கப்பலில் போவதென்றால் அவளுக்குப் பழைய காலத்து ஹஜ்ஜுப் பயணம் மாதிரி. கடல்மேல் போகிறவள் ஊரில் யாருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகப் பயணம் சொல்லப் போனாள். நான்கு நாள் சுற்றுலாவுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். இந்தத் தெரு முழுக்கப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் சொல்லீந்தா மன்னிச்சிக்கோங்க" என்று கேட்டாள். மரக்கறிக் கடை செல்லப்பாவிடம்கூடக் கேட்டாள். அவர் பயந்துபோய், அம்மாவுக்கு ஏதும் வருத்தமா என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார். கடைசியாக அலவத்துகொடவுக்குப் போய் உன் றமீஸா சாச்சியின் வாசலிலும் நின்றாள். மின்ஹாவின் கல்யாணத்தோடு பேச்சு நின்றுபோன அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வெளியே ஓட்டோவில் காத்திருந்த எனக்கு யாரும் ஒரு பிளேன்டீகூடத் தரவில்லை.

பயண நாளன்று சதீஸ்குமாரின் வேன் நிறைய ஆட்கள். எங்கள் இருவரையும் வழியனுப்பத்தான் அத்தனை பேர். கலகெதர வளைவுகளில் வழக்கம்போல உம்மாவுக்கு வாந்தி. அப்படியும் மடியில் இருந்த பையை விடவில்லை. அதில் உன் பிள்ளைகளுக்கு இனிக்க இனிக்கக் கிண்டிய தொதலும் உனக்கு மாசிச் சம்பலும் இருந்தன.

கட்டுநாயக்கவில் டிக்கட் கவுண்டரில் இருந்த பிள்ளை எங்கள் பாஸ்போட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலேசிய விசா எங்கே என்று கேட்டாள். நாங்கள் மலேசியாவுக்குப் போகவில்லை, சிங்கப்பூருக்குப் போகிறோம் என்றேன், பெரிய ஆள் மாதிரி. அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். உங்களிடம் இருப்பது ஒரு பயணத்துக்கான டிக்கட் இல்லை, இரண்டு தனித்தனி டிக்கட். முதலாவது கோலாலம்பூரோடு முடிகிறது. அங்கே சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேறொரு கட்டடத்துக்குப் போய், அடுத்த விமானத்தில் புதிதாக ஏறவேண்டும். வெளியே வருவதற்கு விசா வேண்டும். விசா இல்லாமல் உங்களை ஏற்ற முடியாது. இதுதான் அவள் சொன்னது. நீ என்னிடம் சொன்னது என்ன? "ஒரு டேர்மினலிலிருந்து மற்றதுக்கு பஸ் இருக்கிறது வாப்பா, ஆறு மணித்தியாலம் இருக்கிறது, ஆறுதலாகப் போகலாம்" என்று.

யார் இதை புக் பண்ணியது என்று அந்தப் பிள்ளை கேட்டாள். என் மகன், அவுஸ்திரேலியாவில் எஞ்சினியர் என்றேன். அப்போதும் எனக்குப் பெருமை விடவில்லை, பார். அவள் சொன்னாள்: "அப்படியென்றால் அவர் தன்னுடைய பாஸ்போட்டை வைத்துப் பார்த்திருப்பார், சேர்."

அவ்வளவுதான் மகன். அந்தப் பிள்ளை குத்திக்காட்டவில்லை, உனக்காகச் சமாதானம்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உன் பாஸ்போட்டைக் காட்டினால் எல்லா ஊரிலும் கதவு திறக்கிறது. சந்தோஷம். அதற்காக நான் கடையில் நின்று உழைத்ததும் வீணாகவில்லை. ஆனால் உன்னைப் பெற்றவர்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது என்பது உனக்கு மறந்துபோகுமா? நீயும் இதே பாஸ்போட்டை வைத்துக்கொண்டு விசாவுக்காகக் கொழும்பில் வரிசையில் நின்றவன்தானே! கோலாலம்பூரில் எத்தனை கட்டடம், எந்தக் கட்டடத்திலிருந்து எந்த பஸ் என்பதெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறாய். எங்களைப் பற்றி மட்டும் பார்க்கவில்லை.

உனக்குப் போன் எடுத்தோம். நீ ஏற்கனவே விமானத்தில் இருந்தாய். அதற்கு நான் உன்னைக் குறைசொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் என்ன செய்தாய்? கப்பலில் ஏறினாய். காசைத் திருப்பித் தரமாட்டார்கள், பிள்ளைகள் அழுவார்கள் என்று காரணம் சொன்னாய். அங்கிருந்து போட்டோ வேறு அனுப்பினாய், பிள்ளைகள் இருவரும் ஒரேஞ் நிறச் சட்டை போட்டு, மருமகள் ஜஹானா சிரித்துக்கொண்டு, பின்னால் கடல். உன் உம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் போனைச் சுவரில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்த வெட்கத்தை நான் என்னவென்று எழுதுவேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடல்பயணம் போன மனுஷி மறுநாள் காலையில் முற்றம் கூட்டுகிறாள். பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும், "மகன் நல்லாத்தான் செஞ்சிருந்தார், எங்கட பேப்பர்லதான் ஒரு குறை" என்று சொன்னாள். எங்கட பேப்பரில் குறையாம்! தொதலைத் துண்டுபோட்டு இந்தத் தெருவுக்கே கொடுத்தாள். நான் ஒரு துண்டும் சாப்பிடவில்லை.

இப்போது புது டிக்கட்டுக்கு வருகிறேன். மின்ஹா ஒவ்வொன்றாக எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்த முறை நேராகச் சிங்கப்பூர். ஒரே டிக்கட். எங்கள் இருவருக்கும் தள்ளுநாற்காலி சொல்லியிருக்கிறாய். விமானம் பிந்தினாலும் கப்பல் போய்விடாமல் இருக்க ஒரு நாள் முன்னதாகவே இறங்குகிறோம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல். குறை சொல்ல ஒரு இடமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். மனம் வைத்தால் உனக்கு எல்லாம் செய்யத் தெரிகிறது.

அப்படித் தெரிந்த நீ, ஆசியாவிலுள்ள எயார்போட் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த நீ, கட்டுநாயக்க என்று ஒருதடவை அடித்துப் பார்த்தாயா? மெல்பேர்னிலிருந்து இங்கே நேராக விமானம் வருகிறது. எங்கும் இறங்கவேண்டாம், எங்கும் மாறவேண்டாம். மின்ஹா தன் போனில் எனக்குக் காட்டினாள். கட்டுநாயக்கவும் ஒரு விமான நிலையம்தான் மகன்.

"எல்லாருக்கும் நடுவில ஒரு இடம் வாப்பா" என்றாய். நடுவில் சந்திப்பதற்கு நாங்கள் என்ன வியாபாரம் பேசுகிறவர்களா? மின்ஹாவின் கல்யாணத்துக்கு நீங்கள் வந்தபோது நுளம்புக் கடிக்கும் சூட்டுக்கும் பயந்து கடைசி இரண்டு நாளும் கண்டி வாவிப் பக்கம் ஹோட்டலில் போய் இருந்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் போன கையோடு மேல் அறைக்கு ஏசி போட்டேன், ஜன்னலுக்கு வலை அடித்தேன், குளியலறையை உடைத்துச் சுடுதண்ணீர் குழாய் வைத்தேன். அந்த ஏசியைச் சுவரில் பூட்டிவிட்ட மெக்கானிக் பாஸ் ஒருதரம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அதை யாரும் போட்டதில்லை.

சரி. இனி எழுதப்போவதை எழுதமாட்டேன் என்று உன் உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

உம்மாவின் கிட்னி இரண்டும் ஏலாமல் போய்விட்டன. சீனி வருத்தத்தால் வந்தது. முதல் கப்பல் பயணத்துக்கு முன்பே டொக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார், போவதென்றால் இப்போதே போய்வாருங்கள், பிறகு கஷ்டம் என்று. அதனால்தான் அவள் அந்த அவசரத்தில் இருந்தாள். வீடு வீடாக ஏன் போனாள் என்று எனக்கும் அப்போது தெரியாது. மலேசிய விசா என்று நின்றுபோனது அந்தப் பயணம்தான். போன மாதத்திலிருந்து கிழமைக்கு மூன்று நாள் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய அவளை மெஷினில் போடுகிறார்கள். கழுத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். வீடியோவில் நீ அதைக் காணவில்லை. அவள் எப்போதும் முக்காடு போட்டிருப்பவள்தானே, உனக்கு எப்படித் தெரியும்? நீ கோல் எடுக்கும்போது படுத்திருந்தால் எழும்பி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் பேசுகிறாள்.

நீ புது டிக்கட் அனுப்பியதும் நான் சொன்னேன், விளையாடாதே ருக்கியா, இனி உனக்கு ஏலாது என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ரெண்டு தரம் விட்டா என்ன ஆகிடும்? மகனயும் புள்ளயளயும் பாத்துட்டு வந்து சேத்துச் செஞ்சிக்கிறேன்." சேர்த்துச் செய்வதாம், விட்ட நோன்பைப் பிறகு கழாவாகப் பிடிப்பது மாதிரி! அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸிடமும் சும்மா கேட்பது போலக் கேட்டிருக்கிறாள். ஒரு தரம் விட்டாலே நெஞ்சுக்குள் தண்ணீர் நிறையும், மூச்சு எடுக்க முடியாமல் போகும் என்று அந்த மிஸ் அவளுக்கு ஏசிவிட்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் கப்பலில் இதற்கு வசதி இல்லை. மின்ஹா கேட்டுப் பார்த்துவிட்டாள். இதெல்லாம் விளங்கிய பிறகும் உன் உம்மா சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

நான் தடுத்தால் அவள் கேட்கமாட்டாள். வாழ்நாள் முழுக்க என்மேல் வருத்தத்தோடு இருப்பாள். உன்னிடம் சொன்னது தெரிந்தால் அதைவிட மோசம். "என்ட நோயச் சொல்லி என்ட புள்ளய வரவழைக்க வாணாம், வாறதா இருந்தா அவரா வரட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய ரோசம் உனக்குத் தெரியும்.

ஆகவே நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கப்பலை நீயே வேண்டாம் என்று சொல்லு. ஏதாவது ஒரு பொய் சொல்லு. நீ கெட்டிக்காரன், உனக்கு வரும். பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லு. கப்பலே பழுதாகிவிட்டது என்று சொல்லு, அவள் நம்புவாள். பிறகு அந்த நேர் விமானத்தில் ஏறு. ஜஹானாவும் பிள்ளைகளும் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நீ வா. என்றைக்கு இறங்குகிறாய் என்பதை மின்ஹாவிடம் மட்டும் சொல். சதீஸ்குமாரின் வேனோடு நான் வந்து நிற்பேன்.

வாசலில் உன்னைக் கண்டதும் அவள் ஏசுவாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று. ஏசட்டும். கழுத்தைப் பார்த்து நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரி அதிர்ந்துபோ. ஏன் சொல்லவில்லை என்று அவளோடு சண்டை பிடி. என்னோடும் பிடி, நானும் பதிலுக்குக் கத்துகிறேன்.

இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு. யாரும் சொல்லாமல், தன் பாட்டில் நினைத்துப் புறப்பட்டு வந்தான் என் மகன் என்று அவள் இந்தத் தெருவுக்குச் சொல்லித் திரியவேண்டும். அது பொய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

உன் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக. மழைக்காலம், குளிர்ச்சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வா.

உன் வாப்பா,
மர்சூக்