மேலே ஒரு சுவிட்ச், கீழே ஓர் ஆள்

மூக்கு நுனியில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும் என் பழனி அண்ணாவுக்கு,

உன்னைக் கொன்ற வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால், பட்டப்பகலில், முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். நீ வயர் இழுத்த அதே மாடிப்படி. நீ தொங்கவிட்ட அதே சரவிளக்கு. அது ஒழுங்காக எரியவில்லை, துடித்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நானும் வயர்மேன் ஆகிவிட்டேன், அது உனக்குத் தெரியாது. நீ போனபோது நான் மெட்ராஸில் லேத்துப் பட்டறையில் இருந்தேன். தந்தி கிடைத்து நான் வருவதற்குள் உன்னை எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது உன் கருவிப் பையும், ஊரில் ஒரு பேச்சும்தான். 'குடிச்சிட்டு ஏணியில ஏறினான், வயரைப் புடிச்சான், செத்தான்.' அது அந்த வீட்டுக்காரர், ரைஸ்மில்காரர், சொன்னது. எழுத வேண்டிய இடத்தில் அதையே எழுதிக்கொண்டார்கள். அவரை நான் மரியாதைக்காக 'ர்' போட்டு எழுதவில்லை. ஊரே அப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டது, பேனாவும் கேட்க மாட்டேன் என்கிறது.

நீயா குடிப்பாய்? வயிற்றுப்புண்ணுக்குப் பயந்து டீயைக்கூட ஆறவைத்துக் குடித்தவன். ஆனால் உன்னைத் தூக்கியவர்கள் உன் சட்டையில் வாடை வந்தது என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேக்குப் பலகையில் சுவிட்ச் போர்டு செய்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தோய்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போடுவாயே, அந்த ஸ்பிரிட் வாடை அது. அவர் வீட்டுப் பலகைகள் பளபளக்க நீ பூசியது. அதை வைத்தே உன்னைக் குடிகாரன் ஆக்கினார்.

உன் மகள் மலர் இப்போது மூன்றாம் வகுப்பு. விளையாட்டில் சண்டை வந்தால் பிள்ளைகள் அவளைச் 'சாராயப் பொண்ணு' என்கிறார்களாம். அண்ணி என்னிடம் சொன்னபோது அழவில்லை. "நீ ஒண்ணும் பண்ண வேணாம்பா, அவங்க அப்பன் குடிக்கலன்னு ஒருத்தன் சொன்னா போதும்" என்றாள். எந்த ஒருத்தன் என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த விளக்குக்காக நீ அவரோடு வாதாடியதையும் அண்ணிதான் சொன்னாள். மெட்ராஸில் ஏதோ ஓட்டலில் பார்த்துவிட்டு வந்து, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வேண்டும் என்றார். ஊரில் அதுவரை யாரும் கேட்காத சாமான். நீ ஆசையோடு டிம்மரை வரவழைத்தாய். அவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு திருகு, மேலே பூஜையறைக்குப் பக்கத்தில் ஒரு திருகு என்று பிடிவாதம் பிடித்தார்.

"ஒரே வெளக்குக்கு ரெண்டு திருகு ஆகாதுங்க. ஒண்ணுல கம்மி பண்ணதை இன்னொண்ணுல ஜாஸ்தி பண்ண முடியாது. வெளக்கு துடிக்கும். திருகு கீழ ஒண்ணு போதும். போடறதும் அணைக்கிறதும் ரெண்டு இடத்துலயும் பண்ணிக்கலாம்."

"அப்ப நான் மேல இருந்தா, என் வூட்டு வெளிச்சம் கீழ இருக்கறவன் கையிலயா?"

இந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லி வீட்டில் நீ சிரித்தாயாம். கடைசியில் உன் பேச்சுப்படியே செய்தாய். கீழே டிம்மரும் ஒரு இருவழிச் சுவிட்சும், மேலே இன்னொரு இருவழிச் சுவிட்சும். படிக்கட்டு விளக்குக்குப் போடுவது போலத்தான். கீழே போட்டதை மேலே அணைக்கலாம், கீழே அணைத்ததை மேலே போடலாம். வேலை சுத்தமாக இருந்தது. உன்னைக் கொன்றது அந்த வேலை இல்லை அண்ணா.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆயிற்று.

போன ஆடியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை வியாபாரியின் கிடங்குக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் மாட்டப் போயிருந்தேன். பேச்சுக்கு ஆள் கிடைக்காத மனுஷர். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் மகளைத்தான் ரைஸ்மில்காரர் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

"எங்க சம்பந்தி வூட்ல ஒரு வெளக்கு இருக்குதுப்பா. கீழயும் போடலாம், மேலயும் போடலாம். அந்த வெளக்குக்கு ஒரு ஆளே போயிட்டான், தெரியுமா?"

நான் ஸ்குரூவை முறுக்குவதை நிறுத்தவில்லை. "எப்படிங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நாங்க பொண்ணு விஷயமா முதமுதல்ல போயிருந்த அன்னிக்கு. ஒரு பல்பு ஹோல்டர் லூசா இருக்குதுன்னு வயர்மேன் பையனைக் கூப்பிட்டிருந்தாரு. பையன் ஃபியூஸைப் புடுங்கறேன்னான். 'ஃபேன் நின்னுடும், சம்பந்தி வேர்த்துப் போவாரு, சுவிட்சை அணைச்சிட்டுப் பாரு'ன்னாரு இவரு. அப்ப மேல போயி வயரைக் கழட்டிட்டு வந்துடறேன்னு படியில கால் வெச்சான். 'டேய், எங்க ஏர்ற? பால் காய்ச்சியாச்சு. மேல சாமி ரூம் இருக்குது'ன்னு நிறுத்திட்டாரு."

பால் காய்ச்சியாச்சு. இந்த இரண்டு சொல்லை நன்றாகக் கேள் அண்ணா. புதுமனை புகுவதற்கு முன்னால் மூன்று மாதம் அந்த மாடியில் நீ தங்கினாய், சாப்பிட்டாய், சிமெண்டு மூட்டையில் தலைவைத்துத் தூங்கினாய். அந்தப் பூஜையறைச் சுவரை உளியால் கொத்திக் குழாய் பதித்தது நீ. அப்போது உன்னால் ஒன்றும் கெடவில்லை. ஒரு சொம்பு பால் பொங்கி வழிந்ததும் நீ காலனிக்காரன் ஆகிவிட்டாய். நீயே வைத்த சுவிட்சை நீயே தொட முடியாது.

வியாபாரி சொல்லிக்கொண்டே போனார். நீ கீழே அணைத்தாய். டெஸ்டர் வைத்துப் பார்த்தாய். "கீழ ஆள் இருக்குதுங்க, மேல யாரும் சுவிட்சைத் தொடாதீங்க" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாய். பிறகுதான் ஏணியில் ஏறினாய். அந்த நேரம் பார்த்து ரைஸ்மில்காரர் சம்பந்தியை மாடி சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்.

"எனக்குக் காட்டறதுக்காகத்தான் போட்டாரு. 'பாருங்க சம்பந்தி, இங்க இருந்தே போடலாம்'னாரு. கீழ தொம்முனு சத்தம். பாவம், சின்ன வயசு."

"அப்ப அந்தப் பையன் குடிச்சிருந்தானா?"

"அதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? பொண்ணு குடுக்கப் போற எடம். நான் என்னத்தைப் பேசறது?"

ஸ்டார்ட்டர் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். அந்தக் கிழவரை அங்கேயே அடித்திருக்கலாமா? அடித்து என்ன? அவர் ஒரு சாட்சி, அதுவும் வாய் திறக்காத சாட்சி. நான் காத்திருந்தேன். வெளிச்சத்தில் பெருமை பார்க்கிறவனுக்கு வெளிச்சம் பழுதாகாமலா போய்விடும்?

பழுதானது. நீ போன பிறகு வேறு ஆளைப் பிடித்து மேலேயும் ஒரு திருகு வைத்துக்கொண்டாராம். நீ சொன்னபடியே விளக்கு துடித்தது, இரண்டு திருகும் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டன. தீபம் பார்க்க அவர் மொட்டை மாடிக்கு வரும் பெரிய மனிதர்கள் முன்னால் மானம் போகிறது என்று நான் வேலை செய்யும் கடைக்கு ஆள் அனுப்பினார். கடை முதலாளி என்னை அனுப்பினார்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு உறவுக்காரர்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரைஸ்மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பக்கம்பா நீ?"

"வேங்கிக்கால் பக்கங்க."

பொய்தான். பேன்ட் போட்டிருந்தேன், பேச்சில் மெட்ராஸ் வாடை இருந்தது. அது போதுமானதாக இருந்தது. படியேறிப் போனேன். யாரும் நிறுத்தவில்லை. பூஜையறைக்குப் பக்கத்தில் உன் தேக்குப் பலகை, பாலிஷ் இன்னும் போகவில்லை. ஸ்குரூவைக் கழற்றித் திறந்தேன். உட்புறத்தில் பென்சிலில் உன் கோணல் எழுத்து: 'இது மேல். இன்னொண்ணு கீழ். ரெண்டையும் பாத்துத் தொடு.' கீழே உன் பெயர்.

என்ன செய்தேன் என்று கேட்காதே. பிறகு அந்தப் பலகையிலேயே விளக்குக்குப் போகும் வயரைக் கழற்றித் துணி சுற்றி வைத்தேன். இனி எந்தச் சுவிட்சை யார் போட்டாலும் சரவிளக்குக்குக் கரண்ட் போகாது. படியேற விட்டிருந்தால் நீயும் இதைத்தான் செய்திருப்பாய். இரண்டு நிமிஷ வேலை அண்ணா. உன் உயிர் இரண்டு நிமிஷ வேலை.

கீழே வந்து ஏணியைப் போட்டு, சரவிளக்கின் வயர் இரண்டையும் உருவி வெளியே தொங்கவிட்டேன். டெஸ்டரை வைத்து எல்லாருக்கும் காட்டினேன், எரியவில்லை. பிறகு ரைஸ்மில்காரரைக் கூப்பிட்டேன்.

"ஒரு கை குடுங்க. இந்த ரெண்டு வயரையும் ஏணி மேல நின்னு புடிச்சிக்குங்க. நான் மேல போயி ஒரு வேலை பாக்கணும்."

"யோவ், ஃபியூஸைப் புடுங்கிட்டு வேலை பாருய்யா!"

"ஃபேன் நின்னுடுங்களே. சம்பந்தி வேர்த்துப் போவாரே."

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ சொன்ன திருகை யாரோ கடைசிவரை திருப்பியது போல ரத்தம் இறங்கிப் போனது.

"நீ... யாரு?"

"பழனி தம்பிங்க. அன்னிக்குக் குடிச்சிட்டு ஏறினானே, அந்தப் பழனி. சுவிட்சை அணைச்சாச்சு. டெஸ்டரும் வெச்சுப் பாத்தாச்சு. நீங்க குடிக்காமதானே இருக்கீங்க? புடிங்க."

அவர் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். பின், அண்ணா, நான் ஆடியிலிருந்து காத்திருந்த வார்த்தையை அவர் வாயே சொன்னது. மாடியை அண்ணாந்து பார்த்து, குரல் கிழியக் கத்தினார்:

"மேல யாரு? மேல யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!"

கூடத்திலிருந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, "வயரைப் புடிக்கச் சொன்னா மேல ஏம்பா பாக்கற?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதையேதான் எங்க அண்ணனும் கத்தினான். அன்னிக்கு மேல யாரு இருந்தாங்கன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொன்னேன், எல்லார் முன்னாலும், ஒன்று விடாமல். ஸ்பிரிட் வாடையையும் சொன்னேன். பிறகு எல்லாரும் பார்க்க அந்த இரண்டு வயரையும் என் வெறுங்கையால் பிடித்தேன். "மேல ஏறிக் கழட்டி வெச்சிட்டு வந்தேன். காலனிக்காரன்தான் ஏறினேன். சாமி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

வேலையைப் பாதியில் விடவில்லை, நீ திட்டுவாய் என்று. மேல் திருகைக் கழற்றிவிட்டு, நீ வைத்தபடியே இருவழிச் சுவிட்சை மாட்டினேன். விளக்கு துடிக்காமல் எரிந்தது. பிறகு மேல் பலகையில், பூஜையறைக்கு வருகிற எவர் கண்ணிலும் படும்படி, சிவப்பு எனாமலில் எழுதினேன்: 'கீழே ஆள் இருக்கிறான்.' யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் ரைஸ்மில்காரர் அதை அழிக்கப் பார்த்திருக்கிறார். போகவில்லை. ஆள் வைத்துப் பலகையையே உளியால் பெயர்த்திருக்கிறார், கூடவே மாடி வயரெல்லாம் அறுந்து போனது. ஒட்ட வைக்க வயர்மேன் தேடினார். தேரடிப் பக்கம் டீக்கடையில் கூடும் வயர்மேன்களிடம் நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஊர்த்தெருக்காரர் இரண்டு பேர் மட்டும், போகலாமே என்று இழுத்தார்கள். அவர்கள் ஏன் இழுத்தார்கள் என்று உனக்கு விளக்க வேண்டுமா? ஆனால் அவர்களும் ஏணி ஏறிப் பிழைக்கிறவர்கள்தான். கடைசியில் ஒருத்தரும் போகவில்லை.

தீபத்தன்று சாயங்காலம் மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே விளக்கேற்றியது. அந்த வீட்டு மாடி மட்டும் கரிய வாயைத் திறந்து நின்றது. பெரிய மனிதர்கள் பாதி பேர் வரவில்லை. மலரைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்று காட்டினேன். "அது ஏன் சித்தப்பா இருட்டா இருக்குது?" என்றாள். "வயரிங் பண்ணது உங்க அப்பா. அவரைக் கேக்காம கை வெச்சாங்க" என்றேன்.

அடுத்த வாரம் மில் மேஸ்திரியிடம் ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்தனுப்பினார். அண்ணி வாசலைத் தாண்ட விடவில்லை. "அவருக்குக் கால் இருக்குதில்ல? நடந்து வரச் சொல்லு" என்றாள். அண்ணியா பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இது பழிதான். வேறு நல்ல பெயர் சொல்லி இதை நான் ஒளிக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தையும் பெட்டியில் பூட்டி வைக்க மாட்டேன், ஊர் படிக்கட்டும். அவர் நம் தெருவுக்கு நடந்து வந்து, மலர் காதில் விழும்படி, 'பழனி குடிக்கல, சுவிட்சைப் போட்டது நான்' என்று சொல்கிறவரை அந்த மாடிக்கு ஒரு வயரும் ஏறாது. அவர் செத்தாலும் அவர் மகன் வந்து சொல்ல வேண்டும். அதுவரை இருக்கட்டும் இருட்டு.

இன்னொரு வாக்கும் தருகிறேன். பால் காய்ச்சியிருந்தாலும் சரி, சாமி குடியிருந்தாலும் சரி, மேலே ஒரு சுவிட்ச் இருக்கிற வீட்டில் என் கால் படியேறாமல் என் கை வயரைத் தொடாது.

உன் எழுத்துக்குக் கீழே பென்சிலால் தன் பெயரையும் எழுதிவிட்டு வந்த,
உன் தம்பி,
மலரின் சித்தப்பன்,
ஏழுமலை